டப்பால "மாய்ஸ்சர் க்யூரிங், ஃபுல் க்யூர் 7 நாள்"னு இருக்கு, நாளைக்கு பாத்தி கட்டி தண்ணி நிறுத்தலாமா? அவசரம்

பட்டாலை_பையன்

எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் எங்க பூர்வீக வீடு, ரெண்டாங்கட்டுக்குப் பின்னாடி அப்பச்சி காலத்துல சேத்துக் கட்டுன பாத்ரூம் மேல ஒரு ஆர்சிசி தளம் இருக்கு, மழைன்னா ஒழுகும். பங்காளிக எல்லாரும் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான குடும்பத்துக்கு, இவ்வளவுன்னு போட்டு இந்த வருஷம்தான் வேலைக்கு ஒத்துக்கிட்டாக, அதுக்கே நான் பட்ட பாடு தனிக் கதை. பழைய தட்டோட்டைக் கொத்தி எடுத்து, வாட்டம் குடுத்துப் பூசி, பூச்சு நல்லா காஞ்சப்பறம் பாலியூரித்தேன் கோட்டிங் ரெண்டு கை அடிச்சாச்சு, ரெண்டாவது கை இன்னிக்குக் காலைலதான்.

டப்பா மேல "சிங்கிள் காம்பொனன்ட், மாய்ஸ்சர் க்யூரிங்"னு போட்ருக்கு. கீழ டேபிள்ல "ஃபுல் க்யூர் 7 டேஸ்". கொத்தனார் அண்ணே இதைப் படிச்சுக் காட்டச் சொல்லி கேட்டுட்டு, "பாருங்க தம்பி, மாய்ஸ்சர்னா ஈரம், க்யூரிங்னா தண்ணி விடுறது, ஏழு நாள் தண்ணி நிக்கணும்னு கம்பெனிக்காரனே எழுதிருக்கான்"ங்கிறாக. நாளைக்குக் காலைல சுத்தி பாத்தி கட்டப் போறாக. எனக்கு என்னமோ இடிக்குது ஆனா எதிர்த்துச் சொல்ல எனக்கு விஷயம் தெரியாது, படிச்சது பி.காம். ராத்திரிக்குள்ள யாராச்சும் சொன்னா புண்ணியமாப் போகும்.

துபாய்_சைட்

பாத்தி கட்ட விடாதீங்க. மொதல்ல போன் பண்ணி அதைச் சொல்லிட்டு வாங்க, மிச்சத்தை அப்பறம் பேசுவோம்.

துபாய்_சைட்

சொல்லிட்டீங்கன்னு நம்பி எழுதுறேன். அந்த மாய்ஸ்சர் காத்துல இருக்க ஈரப்பதம், அது போதும், நம்ம ஊத்த வேண்டியதில்ல. ஒத்த டப்பா பாலியூரித்தேன்ல ஐசோசயனேட்டுன்னு ஒரு சரக்கு இருக்கு, அது காத்துல உள்ள நீராவியப் புடிச்சு ரியாக்‌ஷன் ஆகி ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு ரப்பர் படலமா இறுகுது. அப்ப கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும். மெதுவா வந்தா படலத்து வழியாவே கசிஞ்சு போயிரும், நம்ம கண்ணுக்கே தெரியாது. இறுகாத படலத்து மேல தண்ணியக் கொண்டுபோய் நிறுத்துனா வாயு மளமளன்னு கெளம்பி கொப்புளமும் ஊசி ஓட்டையுமா ஆயிரும், ஒழுகக் கூடாதுன்னு அடிச்ச படலமே சல்லடை.

ஈரமா இருக்க தளத்து மேல அடிச்சாலும் இதே வினைதான், கீழேர்ந்து கொப்புளிக்கும், நீங்க பூச்சைக் காய விட்டு அடிச்சது நல்லதாப் போச்சு. அதே டேபிள்ல மழை தாங்குறதுக்கு எத்தனை மணி நேரம், மேல நடக்க எத்தனை மணி நேரம்னு தனித்தனி வரி இருக்கும், அதையும் பாருங்க. "ஃபுல் க்யூர் 7 டேஸ்"னா ஏழு நாள் அதைத் தொந்தரவு பண்ணாம விடுன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

கரண்டி_கை

புதுவயல்லேர்ந்து எழுதுறேன், எங்கப்பா காலத்துலேர்ந்து கொத்து வேலைதான். ஏப்பு, ஒண்ணு கேக்குறேன், தண்ணி காட்டாம எந்த வேலை நின்னுருக்கு? தளம் போட்டா தண்ணி, செவுரு பூசுனா தண்ணி, தூணுக்குச் சாக்கு சுத்தி தண்ணி. இதைத்தான் இஞ்சினியரும் க்யூரிங் க்யூரிங்னு கத்துறாரு, தண்ணி விடலைன்னா பில்லுல புடிக்கிறாரு. இப்ப அதே வார்த்தையை டப்பால போட்டுட்டு தண்ணி ஊத்தாதேன்னா கொத்தனாரு என்ன ஜோசியமா பாப்பாரு? அந்த அண்ணன் மேல தப்பே கெடையாது சொல்லிப்புட்டேன்.

ரஸ்தா_ராஜா

தளத்துக்குத் தண்ணி காட்டுற கொத்தனாரும் உண்டு வீட்டுக்காரனுக்குத் தண்ணி காட்டுற கொத்தனாரும் உண்டு 😀

கரண்டி_கை

உங்க வீட்டு வேலைக்கு வர்றேன் அப்ப காட்டுறேன்.

துபாய்_சைட்

கரண்டி_கை அண்ணே கேட்டது நியாயமான கேள்வி, அதுக்குச் சுருக்கமா பதில் சொல்ல முடியாது, கொஞ்சம் நீளும் பொறுத்துக்கங்க. நான் தேவகோட்டைக்காரன், இங்க சைட்ல பத்து ஊர்க்காரன் கலந்து வேலை பாக்குற இடத்துல இந்த ஒரு வார்த்தையால வர்ற சண்டைய வாரா வாரம் பாக்குறேன்.

கான்க்ரீட்ல க்யூரிங்னா அது மனுஷன் செய்யிற வேலை. கான்க்ரீட்டுக்கான நம்ம இந்தியத் தர விதி ஐஎஸ் 456 கோடு இருக்குல்ல, 2000 பதிப்பு, அதுல க்யூரிங்குக்கு என்ன சொல்லிருக்கான்னா கான்க்ரீட்லேர்ந்து ஈரம் போகாமத் தடுத்து, வெப்பத்தையும் சரியான அளவுல வச்சிருக்கிற வேலைன்னுதான். கவனிங்க, தண்ணி ஊத்துன்னு இல்ல, இருக்க ஈரம் போகாமத் தடுன்னு இருக்கு. சிமெண்ட்டும் தண்ணியும் சேந்து நடக்குற ரியாக்‌ஷனுக்குப் பேரு ஹைட்ரேஷன், அது சிமெண்ட்டோட வேலை. அது பாதில நின்னுறாம உள்ள ஈரத்தைக் காப்பாத்திக் குடுக்கிறது நம்ம வேலை, அதுக்குப் பேருதான் க்யூரிங். பாத்தி கட்டுறது, சாக்கு போட்டு நனைக்கிறது, பிளாஸ்டிக் ஷீட் போத்துறது, மெழுகு மாதிரி ஒரு காம்பவுண்ட ஸ்ப்ரே அடிச்சு மூடிடுறது எல்லாமே க்யூரிங்தான், கடைசி ரெண்டுலயும் ஒரு சொட்டு தண்ணிகூட ஊத்துறதில்ல.

பெயின்ட், எபாக்ஸி, பாலியூரித்தேன், ரப்பர், இதுகள்ல க்யூரிங்னா அந்தச் சரக்கு தானே செய்யிற வேலை. உள்ள ரியாக்‌ஷன் நடந்து இறுகுறதுக்கே அதான் பேரு. அரால்டைட்ல ரெண்டு ட்யூபையும் கலந்து ஒட்டி வைக்கிறோம்ல, அது காயலை, க்யூர் ஆகுது. காயறதுன்னா உள்ள இருக்க தண்ணியோ தின்னரோ ஆவியாப் போறது. எபாக்ஸில ஆவியாப் போக ஒண்ணும் இல்ல, ரெசினும் ஹார்ட்னரும் கோத்துக்கிட்டு வேற பொருளாவே ஆயிருது, அதனாலதான் மறுபடி தின்னர் ஊத்துனாலும் கரையாது.

டெண்டர் பேப்பரையும் டப்பாவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா வித்தியாசம் இங்கிலீஷ்லயே தெரியும். டெண்டர்ல "ஷல் பி க்யூர்ட் ஃபார் நாட் லெஸ் தேன் 10 டேஸ்"னு வரும், அதாவது ஒருத்தன் நின்னு செய்யணும், செய்யலைன்னா பில்லுல புடிப்பான். டப்பால "அலோ டு க்யூர்"னு வரும், இல்லைன்னா "க்யூர்ஸ் இன் 7 டேஸ்"னு வரும், அதாவது அது தன்னால ஆகும் நீ கையக் கட்டிட்டு இரு. "ஷல் பி"ன்னு பாத்தா ஆள் போடுங்க, "அலோ டு"ன்னு பாத்தா ஆளை ஏத்தாதீங்க. எனக்குத் தெரிஞ்சு இதைவிடச் சுளுவான வழி கெடையாது.

பட்டாலை_பையன்

அண்ணே கோடி நன்றி. கொத்தனார் அண்ணனுக்குப் போன் போட்டுட்டேன், பாத்தி கட்டலை. ஆனா அவுக ஒண்ணு கேட்டாக, எனக்கும் பதில் தெரியலை: "ரெண்டும் வேற வேறன்னா வெள்ளைக்காரன் எதுக்கு ஒரே பேர வச்சான்?"

வேதியியல்_வாத்தி

நல்ல கேள்வி கேட்டிருக்காரு உங்க கொத்தனாரு, என் வகுப்புல ஒரு பய இப்படிக் கேட்டதில்ல.

லத்தீன்ல குரான்னு ஒரு சொல்லு, கவனிப்பு பராமரிப்புன்னு அர்த்தம். அதுலேர்ந்துதான் இங்கிலீஷ் க்யூர். நோயாளியக் கவனிச்சு குணமாக்குறது ஒரு கிளை. கறி, மீன், புகையிலை, இதையெல்லாம் உப்பு போட்டு புகை போட்டு கெடாம பக்குவம் பண்றது இன்னொரு கிளை, அதுவும் க்யூரிங்தான், நம்ம கருவாடும் அந்தக் கணக்குல க்யூர்ட் மீனுதான். பச்சையா இருக்கறத வச்சுக் காத்து பக்குவத்துக்குக் கொண்டு வர்றதுங்கிற எண்ணம்தான் தொழில் பக்கம் போயி ஒவ்வொரு பட்டறைலயும் ஒவ்வொரு மாதிரி ஒட்டிக்கிச்சு. கான்க்ரீட்காரன் கவனிக்கிறதைப் புடிச்சுக்கிட்டான், ரப்பர்காரன் பக்குவமாகுறதைப் புடிச்சுக்கிட்டான். கான்க்ரீட்ல புதுசா போட்டதை க்ரீன் கான்க்ரீட்னு சொல்றாங்கல்ல, அதுவும் பச்சைங்கிற அதே கணக்குதான், நெறம் ஒண்ணும் பச்சை இல்ல.

தமிழ்ல நீராற்றுதல்னு பத்திரிகைல எழுதுறாங்க, கான்க்ரீட்டுக்குக் கச்சிதமா பொருந்தும், இந்த டப்பாவுக்குப் பொருந்தாது. உங்க கொத்தனார் சிக்குன அதே எடத்துலதான் அந்தச் சொல்லும் சிக்கும்.

ரப்பர்_வாசனை

காரைக்குடில டயர் ரீட்ரேடிங், தேஞ்ச டயருக்குப் புதுப் பட்டை ஒட்டுற வேலை. எங்களுக்கு க்யூரிங்னா சூடு, தண்ணிக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்ல. பச்சை ரப்பர்ல கந்தகம் கலந்து சூடு குடுத்தா இறுகும், 1839ல சார்லஸ் குட்இயர் கண்டுபுடிச்ச வித்தை, வல்கனைசிங்னு படிச்சிருப்பீங்க. பட்டறைல யாரும் அவ்வளவு பெரிய வார்த்தை சொல்ல மாட்டான், க்யூர் ஆயிருச்சா ஆகலையா அவ்வளவுதான். ஹாட் முறைல 150 டிகிரி பக்கம், கோல்டு முறைன்னு பேரு வச்சிருக்கதுலயே 100 டிகிரி பக்கம் சேம்பர்ல வச்சு எடுக்கிறோம், பேருல மட்டும்தான் கோல்டு. அதுல ஒட்டுற பட்டைக்கு ப்ரீக்யூர்ட் ட்ரெட்னு பேரு, அதாவது பட்டை முன்னாடியே க்யூர் ஆகி வந்துருச்சு, நடுவுல வைக்கிற மெல்லிசு ரப்பர்தான் சேம்பர்ல க்யூர் ஆகணும். அண்டர் க்யூர்னா பட்டை கழண்டு போகும், ஓவர் க்யூர்னா விறைச்சு வெடிக்கும். ஒரு வாரம், பத்து நாள்னு எங்ககிட்ட கணக்கு கெடையாது எல்லாம் மணிக்கணக்குதான்.

பவுடர் கோட்டிங் பண்றவனக் கேட்டுப் பாருங்க, 180லேர்ந்து 200 டிகிரி அடுப்புல பத்து இருபது நிமிஷம், அதுக்கும் க்யூரிங்னுதான் சொல்லுவான்.

சித்தாள்_மகன்

பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷம் சிவில். எங்களுக்கு க்யூரிங் 28 நாள்னு சொல்லிக் குடுத்தாங்க, இங்க 10ங்கிறீங்க, எது சரி?

துபாய்_சைட்

28ங்கிறது சோதனை பண்ற வயசு தம்பி. எம்20ங்கிற கான்க்ரீட் தரம்னா 150 மில்லிமீட்டர் கனக் கட்டி 28வது நாள் உடைச்சுப் பாத்தா சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கணும்னு வச்சிருக்கான். அந்தக் கட்டிய லேப்ல உடைக்கிற நாள் வரைக்கும் தண்ணிலதான் போட்டு வைப்பான், அதைப் பாத்துட்டு க்யூரிங் 28ன்னு ஒட்டிக்கிச்சு. சைட்டுக்கு ஐஎஸ் 456 சொல்றது, ஓபிசி, அதாவது கலப்பில்லாத சாதா சிமெண்ட்னா கொறைஞ்சது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி மாதிரின்னா 10 நாள். வறட்சி, வெயில் ஊருக்கு ஓபிசி 10, கலப்பு சிமெண்ட் 14. நம்ம ஊரு எதுல சேரும்னு நான் சொல்லணுமா? இப்ப கடைல கெடைக்கிற மூட்டைல பாதிக்கு மேல பிபிசியாத்தான் இருக்கு, அதனால செட்டிநாட்டுப் பக்கம் வீடு கட்டுறவங்க 14ன்னே மனசுல வச்சுக்கங்க.

ஆரம்பிக்கிற நேரமும் முக்கியம். சித்திரை வெயில்ல காலைல தளம் போட்டுட்டு மறுநாள் காலைல வந்து பாத்தி கட்டுறது நம்ம பக்கம் வழக்கம். காத்தும் வெயிலும் சேந்து ஒரு சதுர மீட்டர்லேர்ந்து மணிக்கு ஒரு கிலோ தண்ணிய உறிஞ்சுற அளவுக்குப் போச்சுன்னா தளம் இறுகறதுக்கு முந்தியே மேல வெடிப்பு விழ ஆரம்பிச்சுரும், அதுக்கப்பறம் பதினாலு நாள் குளம் கட்டுனாலும் அந்த வெடிப்பு மூடாது. அன்னிக்கு மத்தியானமே பிளாஸ்டிக்க விரிச்சு மூடிடுங்க, மேல் பரப்பு லேசா இறுகுனதும் ஈரச் சாக்கு, மறுநாள் பாத்தி.

சித்தாள்_மகன்

அண்ணே அப்ப செட்டிங், ஹார்டனிங், க்யூரிங் மூணும் வேற வேறயா, பரீட்சைல எழுதணும்

வேதியியல்_வாத்தி

குழைவு போயி வடிவம் நிக்கிறது செட்டிங், ஓபிசிக்கு ஆரம்பச் செட்டிங் 30 நிமிஷத்துக்கு முன்ன வரக் கூடாது, முடியறது 600 நிமிஷத்தத் தாண்டக் கூடாது. அதுக்கப்பறம் மாசக் கணக்குல பலம் ஏறுறது ஹார்டனிங். இது ரெண்டும் சிமெண்ட் செய்யிறது, க்யூரிங் நீ செய்யிறது. மூணு மார்க்குக்கு இது போதும், மேல கதை எழுதாத.

ஆத்தங்குடி_அச்சு

எங்க ஊரு ஆத்தங்குடி பேரு இன்னும் வரலையேன்னு பாத்துட்டு இருந்தேன். பூக்கல்லு, அதான் பூப்போட்ட சிமெண்ட் தரை ஓடு, செய்யிற எடத்துல க்யூரிங்னா தொட்டி. கண்ணாடி மேல சட்டத்த வச்சு, அச்சுக்குள்ள கலர் சிமெண்ட்டக் கரண்டியால ஊத்தி, அச்ச எடுத்துட்டு, மேல காஞ்ச கலவையத் தூவி, அதுக்கு மேல ஈரக் கலவைய வச்சுத் தட்டி மட்டம் பண்ணி வச்சிருவோம். ஒரு நாள் கழிச்சு தண்ணித் தொட்டில எறங்கிரும், கண்ணாடியோட. ஊறி வெளிய வந்து காஞ்சா கண்ணாடி தானா விட்டுரும், அந்தக் கண்ணாடி மழமழப்பு அப்படியே கல்லு மேல நிக்கும். சூளையே கெடையாது, நெறைய பேரு சுட்ட ஓடுன்னு நெனைச்சுக்கிட்டு வந்து அடுப்பு எங்கன்னு கேப்பாக. சுடாம இத்தனை பலம் வர்றது அந்தத் தொட்டிலதான், பட்டறைக்குப் பட்டறை நாள் கணக்கு மாறும், அவசர ஆர்டருன்னு தொட்டி நாளைக் கொறைச்சா கல்லு ஓரம் பொடியும்.

துபாய்_சைட் அண்ணே சொன்ன கணக்குல நாங்க "ஷல் பி" ஜாதி.

சுண்ணாம்பு_காளவாய்

எல்லாரும் சிமெண்ட்டையே பேசுறீங்க. நம்ம பக்கம் பழைய வீடு பூரா சுண்ணாம்பு, அதுக்கு இந்த ரெண்டு அர்த்தமும் ஒத்து வராது. நான் காரைப் பூச்சு வேலை எடுத்துச் செய்யிறேன், மெட்ராஸ்லேர்ந்து வர்ற ஆர்க்கிடெக்ட் பேப்பர்ல "க்யூரிங் ஆஸ் பெர் சிமெண்ட் பிளாஸ்டர்"னு எழுதி அனுப்புறாக, பாத்தாலே வயித்தெரிச்சல்.

சுண்ணாம்புக் கல்ல 900 டிகிரி பக்கம் சுட்டா கரிவாயு, அதான் கார்பன் டை ஆக்சைடு, வெளிய போயிருது. தண்ணி விட்டுத் தாளிச்சா கொதிச்சு நீத்துப் போகுது. செவுத்துல பூசினப்பறம் அதே வாயுவக் காத்துலேர்ந்து மெல்ல மெல்ல உள்ள இழுத்து மறுபடி கல்லா மாறுது. ஆனா காத்துல அந்த வாயு வெறும் 0.04 சதவீதம்தான், அதனால ஆமை வேகம். வாயு உள்ள போகணும்னா பூச்சோட கண்ணு அடைபடக் கூடாது, தண்ணில ஊறி நின்னா கண்ணு பூரா தண்ணி, வாயுவுக்கு வழி இல்ல. சுத்தமா காஞ்சு போனாலும் நடக்காது, அந்த வாயு கரையறதுக்கு லேசா ஈரம் வேணும். அதனால நாங்க பாத்தியும் கட்டறதில்ல ஓஸும் புடிக்கிறதில்ல. வெயில் படாம ஈரச் சாக்கைச் செவுத்துல ஒட்டாம தொங்க விட்டு, தென்னந்தட்டிய மறைப்பு வச்சு, காலை சாயங்காலம் ஸ்ப்ரேல பனி மாதிரி அடிக்கிறது. ஒரு கை போட்டா அது இறுகிற வரைக்கும் அடுத்த கை போடறதில்ல. கடைசிக் கை முட்டை வெள்ளைக்கரு போட்டு நைஸா அரைச்ச சுண்ணாம்பு, மழுங்கக் கல்ல வச்சு தேய்க்க தேய்க்கத்தான் மினுமினுப்பு வரும், அதை அவசரப்படுத்தவே முடியாது. பூசின ஒரே வாரத்துல பால் காய்ச்சணும்னு நிக்கிறவங்களுக்கு நான் வேலை எடுக்கிறதில்ல.

மெட்ராஸ் தளமும் அப்படித்தான், தேக்கு உத்தரத்து மேல செங்கலைக் குத்தா வச்சு அதுக்கு மேல சுண்ணாம்புச் செங்கல் ஜல்லியப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறுன தண்ணியத் தெளிச்சு தெளிச்சு பொம்பளையாளுக வரிசையா உக்காந்து கட்டையால அடிப்பாக. அந்த அடிதான் அதுக்கு க்யூரிங்னு சொல்லலாம்.

வேதியியல்_வாத்தி

காளவாய்க்காரரு சொன்ன அந்த ரியாக்‌ஷனுக்குக் கார்பனேஷன்னு பேரு. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா சுண்ணாம்புக்கு உசுரு குடுக்கிற அதே கார்பனேஷன் ஆர்சிசிக்கு எமன். சிமெண்ட் கான்க்ரீட் உள்ள காரத்தன்மை அதிகம், பிஎச் 12.5க்கு மேல, அதுல இருக்க வரைக்கும் கம்பி மேல ஒரு மெல்லிசு படலம் நின்னு துரு ஏறாமக் காக்குது. காத்துலேர்ந்து கரிவாயு உள்ள போகப் போக பிஎச் 9க்குக் கீழ எறங்கி அந்தப் படலம் போயிரும், கம்பி துருப்புடிச்சு ஊதி கான்க்ரீட்டைப் பெயத்துத் தள்ளும். நம்ம காரைக்குடி சிக்ரில, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, இந்த அரிப்பு விஷயத்துக்குன்னே தனியா ஆராய்ச்சி நடக்குது.

இதைப் பாக்க ஒரு சின்ன சோதனை உண்டு. கான்க்ரீட்டைப் புதுசா ஒரு எடத்துல கொத்தி பினால்ப்தலின் கரைசலை அடிச்சா காரம் இருக்க எடம் ரோஸ் கலரா மாறும், கரிவாயு ஏறுன எடம் நெறம் மாறாது. மேலேர்ந்து எத்தனை மில்லிமீட்டர் நெறம் மாறலைன்னு பாத்தா கம்பி வரைக்கும் போயிருச்சா இல்லையான்னு தெரிஞ்சுரும். சரியா க்யூரிங் பண்ணாத கான்க்ரீட்ல மேல் தோல் பொடபொடன்னு இருக்கும், அதுல இது வேகமா உள்ள எறங்கும். பட்டாலை_பையன், அப்பச்சி காலத்துத் தளம்ங்கிறீங்க, ஒழுகின எடத்துல கீழ்ப்பக்கம் துரு கறை இருந்தா மேல கோட்டிங் மட்டும் அடிச்சுட்டு விட்டுறாதீங்க, அடியில ஒரு எடம் கொத்திப் பாத்துருங்க.

பட்டாலை_பையன்

கறை இருக்கு வாத்தியாரே, ஒரு மூலைல காரையும் பெயந்திருக்கு. பங்காளிககிட்ட இன்னொரு ரவுண்டு புள்ளி வரி கேக்கணும், நான் எங்க போயி முட்டிக்க.

ரஸ்தா_ராஜா

அந்தக் கோட்டிங் டப்பாவ விட பங்காளி மீட்டிங்தான் சீக்கிரம் கொப்புளிக்கும்

பள்ளத்தூர்_ஆச்சி

நான் குறுக்க வர்றேன் கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டு முகப்புல புதுசா செவுரு பூசினாக, கொத்தனாரு தண்ணிக்குத் தனியா காசு கேக்குறாரு, எஸ்டிமேட்ல க்யூரிங் சேந்திருக்குன்னு இஞ்சினியர் தம்பி சொல்றாரு, கொத்தனாரு அது இஞ்சினியரோட வேலைங்கிறாரு. யாரு வேலை இது? லாரித் தண்ணி வாங்குறோம், உப்புக் கெணறு ஒண்ணு இருக்கு அதை ஊத்தலாமா?

துபாய்_சைட்

ஆச்சி, எஸ்டிமேட்ல அந்த அயிட்டத்துக்கு நேரா "இன்க்ளூடிங் க்யூரிங்"னு இருந்தா ரேட்டுக்குள்ளயே அடக்கம், தனியா காசு கெடையாது, ஆள் கூலி கண்டிப்பா அதுல வரும். தண்ணி யாரு குடுக்கறதுன்னு தனியா ஒரு வரி இருக்கும், பல எடத்துல தண்ணியும் கரண்ட்டும் வீட்டுக்காரங்க பொறுப்புன்னு எழுதி வச்சிருப்பாங்க, அதைப் படிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க. வெறும் வாய்ப் பேச்சுன்னா கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசறதுதான் வழி, க்யூரிங்ங்கிற வார்த்தைய விட்டுட்டு, காலைல எத்தனை மணிக்கு யாரு வந்து தண்ணி விடுவா, எத்தனை நாளைக்குன்னு கேளுங்க.

உப்புத் தண்ணி வேண்டாம். கம்பி உள்ள வேலைக்கு கலக்குற தண்ணில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு கோடு சொல்லுது, க்யூரிங் தண்ணிக்கும் அதே கவனம் வேணும். செவுத்துல கம்பி இல்லைன்னாலும் காஞ்சப்பறம் வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்து பெயின்ட்டை உரிக்கும்.

கரண்டி_கை

ஆச்சி, செவுத்துக்கு நாள் பூரா ஓஸ் புடிக்க வேண்டியதில்ல, காலைல சாயங்காலம் நல்லா நனைச்சு வெயில் பக்கம் மட்டும் சாக்கு கட்டச் சொல்லுங்க, லாரித் தண்ணி பாதி மிச்சமாகும். காசு கேட்டது எங்காளா இருந்தாலும் நியாயம் பேசணும்ல.

பள்ளத்தூர்_ஆச்சி

நல்லாருப்ப தம்பி. எஸ்டிமேட்டை மகனுக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லிருக்கேன்.

பட்டாலை_பையன்

இன்னொரு சந்தேகம். கோட்டிங் ஏழு நாள் முடிஞ்சப்பறம் ஒழுகுதான்னு பாக்க "பாண்டிங் டெஸ்ட்" பண்ணணும்னு அதே பேப்பர்ல போட்ருக்கு. பாண்டிங்னாலும் பாத்தி கட்டறதுதானாம். கொத்தனார் அண்ணே சிரிக்கிறாக, "ஊத்தாதேன்னீங்க, இப்ப ஊத்துங்கிறீங்க"ன்னு.

துபாய்_சைட்

சிரிக்கட்டும், அவரு பக்கம் ஞாயம் இருக்கு. அதே பாத்திதான், காரியம் வேற. கான்க்ரீட்ல பாண்டிங் வச்சு க்யூரிங் பண்ணா ஈரத்தைக் காக்குறதுக்கு. இங்க பாண்டிங் ஒழுக்கு புடிக்கிறதுக்கு. கோட்டிங் முழுசா இறுகினப்பறம் வடிகால் வாய அடைச்சு கொஞ்ச உசரத்துக்குத் தண்ணி நிறுத்தி, பேப்பர்ல சொல்லிருக்க நேரம் வரைக்கும் விட்டுட்டு கீழ ஈரம் வருதான்னு பாருங்க. தண்ணி மட்டத்த செவுத்துல பென்சில்ல குறிச்சு வைங்க, வெயில்ல ஆவியாப் போறதும் இருக்கும், அதுக்காகப் பக்கத்துல ஒரு அகல வாளில அதே உசரத்துக்குத் தண்ணி வச்சு ரெண்டும் ஒரே மாதிரி எறங்குதான்னு பாத்தா குழப்பம் இல்ல.

அப்பறம் அந்த ஏழு நாள் எல்லாப் பருவத்துக்கும் ஒண்ணு இல்ல. டேபிளுக்குக் கீழ பொடி எழுத்துல இத்தனை டிகிரி, இத்தனை சதவீத ஈரப்பதம்னு போட்ருப்பான், பெரும்பாலும் 25 டிகிரியும் 50 சதவீதமும் பக்கத்துல இருக்கும். உங்க மொட்டை மாடி அதுக்கு மேல சூடு, அதனால மேல் தோல் சீக்கிரம் மூடி உள்ள வாயு மாட்டிக்கும். அடுத்த தடவை அடிக்கிறதா இருந்தா சாயங்காலம் தளம் ஆற ஆரம்பிச்சப்பறம் அடிக்கச் சொல்லுங்க.

கரண்டி_கை

சரி எனக்கும் ஒரு சந்தேகம், இத்தன பேரு இருக்கப்பவே கேட்டுக்கிறேன். ஜிப்சம் பூச்சு மூட்டைல "நோ க்யூரிங் ரிக்வயர்ட்"னு போட்டு விக்கிறான். பார்ட்டிக எல்லாம் தண்ணி மிச்சம்னு அதையே கேக்குறாக. அது எந்த ஜாதி?

வேதியியல்_வாத்தி

அங்க "க்யூரிங்" உங்க அர்த்தத்துலதான் போட்ருக்கான், தண்ணி விட வேண்டியதில்லன்னு. ஜிப்சம் கலக்குற தண்ணியவே புடிச்சுக்கிட்டு மணி நேரத்துல இறுகிரும், வெளியேர்ந்து ஈரம் குடுக்கிற தேவை இல்ல. அப்பறம் மிச்சத் தண்ணி காஞ்சு போகணும், அது நெசமாவே காயறது, காத்தாட விடணும். தண்ணி ஊத்துனா கெடும்.

சுண்ணாம்பு_காளவாய்

பழைய வீட்டுச் செவுத்துல மட்டும் அதைப் போட்டுறாதீங்க அண்ணே. கீழேர்ந்து ஈரம் ஏறுற செங்கச் செவுரு, சுண்ணாம்புன்னா மூச்சு விடும், ஜிப்சம் அந்த ஈரத்துல ஊறி மெத்துமெத்துன்னு ஆகி கொட்டிரும். புது ரூம்ல உள் செவுத்துக்குப் போடுங்க, பாத்ரூமுக்கும் வெளிச் செவுத்துக்கும் வேண்டாம்.

கரண்டி_கை

பாத்ரூமுக்குப் போடச் சொல்லி ஒரு பார்ட்டி அட்வான்ஸே குடுத்துருக்காக. நாளைக்குப் போயி சொல்றேன்.